கத்தி மேல் ஒரு கண்

2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஓர் இணைய ஏலம் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மறைந்த ஆந்தனி போர்டெய்ன் வைத்திருந்த பொருள்கள் விலைக்கு வந்தன. ஊர் ஊராகச் சுற்றிச் சாப்பிட்டு, சாப்பிட்டதைப் பற்றி எழுதியும் பேசியும் புகழ்பெற்ற சமையல்காரர் அவர். வந்த பொருள்களில் ஒரு சமையலறைக் கத்தியும் இருந்தது. எஃகோடு விண்கல் இரும்பையும் சேர்த்து அடித்தது. 4,000 முதல் 6,000 டாலர் வரை போகலாம் என்று ஏலக்காரர்கள் கணித்திருந்தார்கள். போனது 2,31,250 டாலருக்கு. நம் பணத்தில் அன்றைக்கே ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டும்.

வெங்காயம் நறுக்குகிற கத்திக்கா இந்த விலை என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

விலையில் ஒரு பங்கு இறந்தவரின் பெயருக்கு. இன்னொரு பங்கு செய்தவரின் பெயருக்கு. செய்தவர் பாப் கிரேமர், வாஷிங்டன் மாநிலத்துக்காரர். இளமையில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸில் கோமாளியாக இருந்தார். உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்தார். பிறகு சியாட்டில் நகரத்து உணவகங்களுக்குக் கத்தி சாணை பிடித்துக் கொடுத்தார். அடுத்தவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கட்டத்தில் தானே கத்தி அடிக்கக் கற்றுக்கொண்டார். எப்படிப்பட்ட பரீட்சை எழுதித் தேறினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் கத்திக்குக் காத்திருப்போர் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டு, கடைசியில் வரிசையையே மூட வேண்டி வந்தது. அதற்குப் பிறகு அவர் கையால் அடித்த கத்தி வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும், அல்லது ஏலத்தில் பணம் விழ வேண்டும்.

நம் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது. காசு கொடுத்தால் கிடைக்கிற பொருளின் மேல் வருவது வெறும் ஆசை. சம்பளம் வந்ததும் தீர்ந்துவிடும். காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், குலுக்கலில் பக்கத்தில் நிற்கிறவர் பெயர் விழுகிறது என்றால் காதில் புகை வரும். மனிதர்கள் பொறாமைப்படுவது வயதிலும் இடத்திலும் நிலையிலும் தமக்குப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார். கத்தி சேகரிப்பவருக்கு உலகப் பணக்காரரின் சொகுசுக் கப்பலைப் பற்றி எந்த வருத்தமும் கிடையாது. கண்காட்சியில் பக்கத்து மேசைக்காரர் பையிலிருந்து எடுக்கிற ஆறங்குலப் பொருள்தான் அவர் தூக்கத்தைக் கெடுக்கும்.

இந்தக் கத்திப் பிரியர்களிடம் பொறாமை ஏராளம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிச் சிரித்துவிடுகிறார்கள். சிரிக்க முடிகிற வரைக்கும் அந்தப் பொறாமை உருப்படியான வேலை செய்கிறது. புதிய கத்திகளும் புதிய கொல்லர்களும் அதிலிருந்துதான் வந்திருக்கிறார்கள். சிரிப்பு நின்ற இடத்தில் அது கெட்டுப்போகிறது. இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உருப்படியான வேலை. 1930-களில் மிச்சிகன் மாநிலத்து வாலூன் ஏரிக்கரை. ஃபுளோரிடாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்து இளைஞர் ஒருவர் அங்கே வந்திருந்தார். வால்ட்டர் டோன் ராண்டால் என்பது பெயர். எல்லாரும் போ ராண்டால் என்பார்கள். கரையில் ஒருவர் படகில் ஒட்டியிருந்த பழைய பெயின்ட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். இப்படிச் சுரண்டினால் எந்தக் கத்தியும் பாழாகும். அந்தக் கத்தி பாழாகவில்லை. விசாரித்தால், வில்லியம் ஸ்கேகல் என்ற மிச்சிகன் கொல்லர் செய்ததாம். ராண்டால் அதை அங்கேயே விலைக்கு வாங்கினார். வாங்கியும் மனசு ஆறவில்லை. ஊருக்குத் திரும்பி, அது மாதிரி ஒன்றைத் தானே செய்து பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

பொழுதுபோக்காகத் தொடங்கியது இரண்டாம் உலகப் போரில் தொழிலாயிற்று. சிப்பாய்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஒர்லாண்டோவில் அந்தப் பட்டறை இன்றும் ராண்டால் குடும்பத்திடம்தான் இருக்கிறது. நேரடியாக ஆர்டர் கொடுத்தால் கத்தி கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு ஆர்டர் கொடுத்தால், அவன் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது எதிர்பார்க்கலாம்.

இந்த வரிசை 1950-களின் தொடக்கத்தில் இவ்வளவு நீளமில்லை, ஒன்பது மாதம்தான். அதையும் பொறுக்க முடியாத ஒருவர் இருந்தார். பாப் லவ்லெஸ், சரக்குக் கப்பல் ஊழியர். நியூயார்க்கில் வேட்டைச் சாமான்களும் முகாம் சாமான்களும் விற்ற ஆபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்குப் போய் ராண்டால் கத்தி கேட்டார். ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். லவ்லெஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து 1937-ம் ஆண்டு பாக்கார்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். கப்பலின் சமையலறை அடுப்பையே உலையாக்கிக் கத்தி அடித்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனார். ஒன்பது மாதம் காத்திருக்கச் சொன்ன கடை, அவர் செய்த கத்திகளை வாங்கி விற்கத் தொடங்கியது.

அவர் பிறகு கலிபோர்னியாவின் ரிவர்சைடில் குடியேறினார். இன்று வேட்டைக் கத்தி என்றதும் நம் கண்ணுக்குள் வருகிற உருவத்தில் பாதி அவர் தந்தது: முனை சற்றே கீழிறங்கிய அலகு, கைப்பிடிக்குள் போகப்போக மெலிந்துகொண்டே போகும் எஃகு. ஜெட் எஞ்சின் பாகங்களுக்காக உருவான 154சிஎம் என்ற எஃகைக் கத்திக்குக் கொண்டுவந்து 1970-களில் பரப்பியவரும் அவரே. 1970-ல் அமெரிக்கக் கத்தி செய்பவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியபோது முன்நின்றவர்களில் ஒருவர். 2010-ல் இறந்தார். அவர் செய்த ஒரு கத்தி இன்று பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. சிலவற்றின் அலகில் அவர் பெயரோடு ஆடையில்லாமல் சாய்ந்திருக்கும் ஒரு பெண்ணுருவமும் முத்திரையாகப் பதிந்திருக்கும். அது இருந்தால் விலை இன்னும் கூடுதல். வாங்கிவந்தவர் வீட்டில் என்ன காரணம் சொல்வார் என்பது அவர் கவலை.

கோர்வையைக் கவனியுங்கள். ஸ்கேகல் கத்தியைப் பார்த்து ராண்டால் ஏங்கினார். ராண்டால் கத்தி கிடைக்காமல் லவ்லெஸ் கொதித்தார். லவ்லெஸ் கத்தி எட்டாமல் அவர் பாணியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஏராளம். வயிற்றெரிச்சலைக் கொண்டுபோய் உலையில் போட்டவர்கள் இவர்கள்.

மனநூல்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் வான் டே வென் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு பொறாமையை இரண்டாகப் பிரித்தது. ஒன்று, அவரைப்போல நாமும் மேலே ஏற வேண்டும் என்பது. மற்றது, அவரைக் கீழே இறக்க வேண்டும் என்பது. எது வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: அவருக்குக் கிடைத்தது நியாயமாகக் கிடைத்ததா? உழைத்தோ காத்திருந்தோ பெற்றார் என்று நமக்குத் தோன்றினால் முதல் வகை வரும். ஏமாற்றியோ எளிதாகவோ தட்டிக்கொண்டு போனார் என்று தோன்றினால் இரண்டாவது வரும்.

அவர்களே 2011-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். சக மாணவர் கையில் ஐபோன் இருக்கிறது. அதற்கு அவர் தகுதியானவர்தான் என்று நினைத்துப் பொறாமைப்பட்டவர்கள், மற்றவர்களைக் காட்டிலும் சராசரியாக 80 யூரோ அதிகம் கொடுத்து அதே ஐபோனை வாங்கத் தயாராக இருந்தார்கள். தகுதியில்லாதவர் கையில் இருக்கிறதே என்று எரிந்தவர்கள் ஐபோன் பக்கமே போகவில்லை. பிளாக்பெரி போனுக்கு அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். நல்ல பொறாமை அதே பொருளை நோக்கி இழுக்கிறது, கெட்ட பொறாமை அந்த ஆளைவிட்டு எட்டிப் போகச் சொல்கிறது. கத்திச் சந்தைக்கு இதை அப்படியே பொருத்தலாம். வரிசையில் ஐந்து வருஷம் நின்று ராண்டால் வாங்கியவரைப் பார்த்தால் நாமும் பெயரைக் கொடுத்து வைப்போமே என்று தோன்றும். கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் காசை வீசி வாங்கியவரைப் பார்த்தால், ராண்டால் என்ன பெரிய ராண்டால் என்று வாய் முணுமுணுக்கும்.

இனி சிரிப்புக்கு வருவோம். கத்தி வேலைக்கான கருவி. தபால்தலை சேகரிப்பவர் அதைக் கடிதத்தில் ஒட்டவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. கத்தி சேகரிப்பவரிடம் மட்டும் எல்லாரும் கேட்பார்கள்: இதை வைத்து என்ன வெட்டுவீர்கள்? உண்மையான பதில் வெட்கக்கேடானது. பெரும்பாலும் அது வெட்டுவது, அடுத்த கத்தி வந்திறங்கிய அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவை. சேகரிப்பவர்களே சொல்லிச் சிரிக்கிற பழைய கேலி இது. விலையுயர்ந்ததென்றால் ஒட்டுநாடாவையும் வெட்டாது, பசை ஒட்டிக்கொள்ளுமே.

வாங்கிய நாளிலிருந்து இரும்புப் பெட்டியைவிட்டு வெளியே வராத கத்திக்கு 'சேஃப் குயின்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் வாழும் மகாராணி. நம் வீட்டு பீரோவில் கிடக்கும் கல்யாணப் பட்டுப் புடவையின் வாழ்க்கைதான் அதற்கும். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, காற்றாட வைத்து, தடவிப் பார்த்து, மடித்து உள்ளே வைக்க வேண்டியது. வேலைக்கு எடுக்கிற கத்தி 'யூசர்'. வாழ்நாளில் ஒருமுறையாவது கைக்கு வர வேண்டும் என்று ஏங்குகிற கத்தி 'கிரெயில்'. ஒன்று கைக்கு வந்ததும் அடுத்தது கிரெயிலாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி என்று சத்தியம் செய்வார்கள்.

உடம்பிலும் அடையாளம் உண்டு. கூர் எப்படியிருக்கிறது என்று பார்க்க முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது கத்திக்காரர்களின் வழக்கம். புதுக்கத்தி வந்த வாரத்தில் இடது முன்கையில் ஒரு திட்டு வழுக்கையாக இருக்கும். கூட்டத்தில் அந்த வழுக்கையைப் பார்த்ததும் இன்னொரு கத்திக்காரர் கண்டுபிடித்துவிடுவார்: என்ன வாங்கினீர்கள்?

மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களின் பாடு வேறு. மடக்கிய நிலையில் அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் சரியாக நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வேதம். ஐடஹோ மாநிலத்தில் கிறிஸ் ரீவ் நிறுவனம் செய்யும் செபென்சா மாதிரியான, நுணுக்கத்துக்குப் பேர்போன கத்தியை வாங்கியவர் முதலில் செய்கிற காரியம் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பது. ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றிவிட்டால் அன்றைய சாப்பாடு இறங்காது. அந்த மயிரிழையால் தக்காளி நறுக்குவதில் எந்த வித்தியாசமும் வராது என்று அவருக்கே தெரியும். முதல் கீறல் விழுகிறவரைதான் இந்தத் தவிப்பெல்லாம். விழுந்துவிட்டால் ஒரு நாள் துக்கம் கொண்டாடிவிட்டு, மறுநாள் நிம்மதியாக ஆப்பிள் வெட்டலாம்.

எல்லாக் கேலிக்கும் மேலானது ஒன்று உண்டு. துப்பாக்கி, கிட்டார், தூண்டில் என்று விலையுயர்ந்த சாமான் சேர்க்கிற எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள். "எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. நான் போனபிறகு என் மனைவி இந்தக் கத்திகளை, நான் அவளிடம் சொன்ன விலைக்கே விற்றுவிடுவாளே, அதுதான் பயம்." சொல்கிறவரும் சிரிப்பார், கேட்கிறவரும் சிரிப்பார். இருவர் வீட்டிலும் அதே நிலைமைதான்.

இந்தக் கேலிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஒப்புதல் இருக்கிறது: இது வெறும் கத்தி, நாம் கொஞ்சம் கிறுக்குத்தான். ஒருவர் தன் மேல் தானே சிரித்துக்கொண்டால் அவர் மேல் விஷம் வைக்க மனசு வராது. நல்ல கத்தியைக் கையில் கொடுத்ததும் பார்க்கிறவர் "உன்னைக் கண்டாலே பிடிக்கவில்லை" என்பார். அது பாராட்டு. கொடுத்தவர் அதை வாழ்த்தாகத்தான் எடுத்துக்கொள்வார். மூடி வைத்தால் புளித்துப்போகிற ஒன்றை இப்படித் திறந்து காற்றாட விட்டுவிடுகிறார்கள்.

இந்தச் சிரிப்பு நிற்கிற இடங்கள் மூன்று.

ஒன்று, குலுக்கல் மேசை. அட்லாண்டாவில் ஜூன் மாதம் நடக்கும் பிளேடு ஷோ கத்தி உலகத்தின் பெரிய திருவிழா. கூட்டம் மொய்க்கிற கொல்லர் சிலர் தம் மேசையில் ஒரு பெட்டி வைத்துவிடுவார்கள். பெயர் எழுதிப் போட வேண்டும். பெயர் வந்தவருக்குக் கத்தியை மேசை விலைக்கு வாங்கும் உரிமை. பரிசு கிடையாது, காசு கொடுக்கும் பாக்கியம் மட்டும்தான். இதுவே ஒரு நகைச்சுவை. பெயர் வந்தவர் மகிழ்ச்சியில் குதித்தால் மற்றவர்கள் முதுகில் தட்டுவார்கள். வாங்கிய கையோடு நாலு அடி தள்ளிப்போய் அதை இருமடங்கு விலைக்கு விற்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். டில்பர்க் ஆய்வுக்காரர்களின் அதே கேள்விதான் இங்கே வந்து நிற்கிறது. குலுக்கலில் கிடைத்த அதிர்ஷ்டத்தை மன்னிக்கிறார்கள், அதை வைத்து வியாபாரம் செய்வதை மன்னிப்பதில்லை.

இரண்டு, போலி. லவ்லெஸ் பாணியில் கத்தி செய்யத் தெரிந்தவர்கள் நிறைய இருப்பதால், அவர் முத்திரையைப் பதித்து ஏமாற்றுவதும் நடக்கிறது. இறந்தபிறகு மனிதர் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார் என்று கேலி பேசலாம். ஆனால் காசை இழந்தவர் அதற்குச் சிரிக்க முடியாது. போலி அவரை மட்டும் கெடுப்பதில்லை. அடுத்த முறை ஒருவர் உண்மையான கத்தியைக் காட்டும்போது, ஆகா என்று வாய் திறப்பதற்கு முன் பார்க்கிறவர் கண் முத்திரையைச் சந்தேகமாகப் பார்க்கும். பாராட்டு செத்துவிடும்.

மூன்றாவது வெளியே தெரியாது. விலை ஏறும் என்பதற்காகவே வாங்கிச் சேர்க்கிறவர். அவருக்குக் கத்தி வைப்புத்தொகை மாதிரி ஆகிவிட்டது. அதே கொல்லர் அதே மாதிரிக் கத்தியை இன்னும் நூறு செய்தால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள், இவர் கோபப்படுவார். 'இது வெறும் கத்தி' என்று அவரால் சொல்ல முடியாது; சொன்னால் அவர் போட்ட பணம் கேள்விக்குள்ளாகும்.

அடுத்தவர் வித்தையைப் பார்த்து ஏங்குவது கொல்லர்களுக்குள்ளும் உண்டு. அங்கே அது விஷமாகாமல் தடுத்ததில் வில்லியம் மோரானுக்குப் பெரிய பங்கு. மேரிலாந்துக்காரர். 1973-ல் கான்சஸ் சிட்டியில் நடந்த கண்காட்சிக்கு, பலவகை எஃகைப் பட்டை பட்டையாக அடுக்கிப் பற்றவைத்து அடித்த, அலை அலையாகக் கோலம் தெரியும் கத்திகளோடு வந்தார். டமாஸ்கஸ் எஃகு. அமெரிக்காவில் அநேகமாக மறந்துபோயிருந்த வித்தை. அரங்கமே அவர் மேசையைச் சூழ்ந்தது. அவர் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1976-ல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் உருவாக முன்னின்றார், பிறகு ஆர்க்கன்சாவில் பள்ளியும் வந்தது. கோமாளியாக இருந்த கிரேமர் தேறியதும் இந்தச் சங்கத்தின் பரீட்சையில்தான்.

அந்தப் பரீட்சையைக் கேளுங்கள். தான் அடித்த கத்தியால், தொங்கவிட்ட ஓர் அங்குலப் பருமன் கயிற்றை ஒரே வீச்சில் துண்டாக்க வேண்டும். கட்டடம் கட்டுகிற மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அத்தனை வெட்டுக்கும் பிறகு அதே கூரால் முன்கை முடியைச் சிரைத்துக் காட்ட வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரி வளைப்பார்கள், ஒடியக் கூடாது. தலைமைக் கொல்லர் பட்டத்துக்கு இதையெல்லாம் டமாஸ்கஸ் கத்தியால் செய்து காட்ட வேண்டும். ஒரு கொல்லரின் பெயரை நிலைநாட்டுகிற கத்தி, கோணிக்கொண்டு யாருக்கும் விற்க முடியாத உருவத்தில் பட்டறைச் சுவரில் தொங்கும். அதன் தம்பி தங்கைகள்தான் கீறல் விழாமல் இரும்புப் பெட்டிக்குள் தூங்குகின்றன.

டமாஸ்கஸ் என்றதும் நம் பக்கத்துச் செய்தி ஒன்று இருக்கிறது. மோரான் செய்தது பட்டைகளைப் பற்றவைக்கும் முறை. பழைய டமாஸ்கஸ் வாள்கள் வேறு வகை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கி எடுத்த வூட்ஸ் என்ற உருக்குக் கட்டியிலிருந்து அடிக்கப்பட்டவை. அலகில் கோலம் தானாகவே எழும். 1790-களில் அந்தக் கட்டிகள் லண்டனுக்குப் போனபோது அங்கிருந்த கத்திக்காரர்கள் அசந்துபோனார்கள். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர், கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1819 முதல் அதன் ரகசியத்தைத் தேடினார். ரகசியம் பிடிபடவில்லை. ஆனால் எஃகோடு வெள்ளி, பிளாட்டினம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்த அந்தத் தேடல், கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு ஒரு தொடக்கமாயிற்று. பிறகு 1990-களில் ஃபுளோரிடா கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் சேர்ந்து, தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்றவைதான் அந்தக் கோலத்துக்குக் காரணம் என்று காட்டினார்கள். நம் ஊர் உருக்கைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர்கள் இருநூறு வருஷம் ஏங்கியிருக்கிறார்கள். ஏங்கியதோடு நிற்காமல் படித்தும் இருக்கிறார்கள்.

கத்திப் பிரியர்களின் ஏக்கத்தில் உச்சமானது எது தெரியுமா? யாரிடமும் இல்லாத ஒரு கத்தி. 1827 செப்டம்பரில் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பில், குண்டடிபட்டும் குத்துப்பட்டும் கிடந்த ஜிம் போவி என்பவர் ஒரு பெரிய கத்தியால் எதிரியைக் கொன்றார். செய்தித்தாள்களில் வந்தது. உடனே ஆளாளுக்குப் போவி வைத்திருந்ததுபோல ஒன்று கேட்டார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டுப் பட்டறைகள் அமெரிக்க வீர வசனங்களை அலகில் பொறித்துக் கப்பல் கப்பலாக அனுப்பின. 1837-ல் அலபாமா மாநிலம் ஒவ்வொரு போவி கத்தி விற்பனைக்கும் 100 டாலர் வரி போட்டது. போவி 1836-லேயே அலமோ கோட்டையில் இறந்துவிட்டார். அவர் கத்தி கிடைக்கவேயில்லை. மணல்திட்டுக் கத்தி எப்படி இருந்தது என்பதிலேயே இன்றுவரை தீராத தகராறு. உருவம் தெரியாத ஒரு கத்தியைப் பார்த்து ஒரு தேசமே நகலெடுத்திருக்கிறது.

உங்களிடமும் ஒருநாள் யாராவது கத்தியைக் காட்டக்கூடும். சில நாகரிகங்கள் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் தொடக் கூடாது. அலகில் விரல் படக் கூடாது. கை வியர்வை பட்டால் கார்பன் எஃகு கறை பிடித்துவிடும். அடுத்தவர் மடக்குக் கத்தியைப் பட்பட்டென்று திறந்து மூடி விளையாடக் கூடாது. அவர் கூரை உங்கள் முன்கையில் சோதிக்கவே கூடாது. திருப்பிக் கொடுக்கும்போது கைப்பிடி அவர் பக்கம் இருக்கட்டும். யார் செய்தது, எத்தனை நாள் காத்திருந்தீர்கள், இதுவரை என்ன வெட்டினீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் சிரித்தால் நல்ல மனிதர், இன்னொரு டீ சொல்லலாம். வயிறு எரிந்தால் எரிகிறது என்றே சொல்லிவிடுங்கள், சந்தோஷப்படுவார். விலையை மட்டும் அவர் மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்டுவிடாதீர்கள்.